அந்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான்

இணையத்தில் தமிழில் எழுதி, எழுதியதை எப்படியாவது கூகுளின் முதல் பக்கத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று பாடுபடும் நண்பர்களுக்கு,

உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் உங்கள் எழுத்தை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. காரைக்காலில் சின்னதாக ஒரு நெட் சென்டர் வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், லேமினேஷன், ஆதார் அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை. வீடு கருக்களாச்சேரியில். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஊர் ஆட்கள், அல்லது பக்கத்து மீனவ கிராமங்களின் ஆட்கள். அவர்கள் வாயால் கேட்பதை நான் தட்டுவேன். திரையில் வருவதை வாசித்துச் சொல்வேன். எழுதுகிற நீங்கள் ஒரு முனை, கேட்கிற அவர்கள் மறுமுனை, நடுவில் நான். நீங்கள் அவர்களைப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் இப்படி எழுதமாட்டீர்கள் என்று தோன்றியதால்தான் இந்த மடல்.

போன ஏப்ரல் கடைசி. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அம்மா ஒருவர் வந்தார். மஞ்சள் பையிலிருந்து பாஸ்புக், ரேஷன் கார்டு, மடித்து மடித்து நைந்துபோன ஒரு நகல் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார்.

"தம்பி, தடைக்காலப் பணம் எவ்ளோன்னு பாரு. நமக்கு எப்ப ஏறும்னும் பாரு."

தட்டினேன். முதலில் வந்ததைத் திறந்தேன். தலைப்பில் 'முழு விவரம்' என்று இருந்தது. உள்ளே கடல் என்பது என்ன, மீன்வளம் நாட்டின் பொருளாதாரத்துக்கு எப்படி முதுகெலும்பாக இருக்கிறது, இந்தியக் கடற்கரை எத்தனை கிலோமீட்டர், மீன்கள் எந்த மாதத்தில் ஏன் முட்டையிடுகின்றன என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் இரண்டு விளம்பரங்கள் குறுக்கே வந்து விழுந்தன. அவற்றை மூடும் பெருக்கல் குறி கடுகு அளவு. அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷமாகக் கூடை சுமந்து மீன் விற்கிறவர். மீன் ஏன் முட்டையிடுகிறது என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பதினோராவது பத்தியிலோ பன்னிரண்டாவதிலோ ஒருவழியாக ஒரு தொகை கிடைத்தது. வாசித்துச் சொன்னேன். "அவ்ளோவா?" என்று முகம் மலர்ந்தது. பத்து ரூபாயை வைத்துவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தொகை தமிழ்நாடு அரசு தருவது. நாங்கள் புதுச்சேரி. செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய்ச் சொன்னேன். திட்டு எனக்குத்தான் விழுந்தது, உங்களுக்கு விழவில்லை. "படிச்சுப் பாத்துச் சொல்ல மாட்டியா நீ?"

நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கம் முழுக்கத் தேடியும் 'இது தமிழ்நாட்டுக்கு மட்டும்' என்ற மூன்று சொல் எங்கேயும் இல்லை.

உங்களில் பலருக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டாகவே தெரிந்திருக்காது. வடக்கே மயிலாடுதுறை மாவட்டம், தெற்கே நாகப்பட்டினம் மாவட்டம், நடுவில் செருகி வைத்தாற்போல் காரைக்கால். வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அதாவது தமிழ்நாடு. 1954 நவம்பர் 1 வரை இங்கே பிரெஞ்சுக்காரர் ஆட்சி. அவர்கள் கிழித்த கோடு இன்னும் எங்கள் பாஸ்புக்கின் குறுக்கே ஓடுகிறது. வண்டி நம்பர் பி.ஒய். 02, படகுப் பதிவிலும் பி.ஒய். கடலில் கோடு கிடையாது. நாகப்பட்டினத்துப் படகுக்கு அடிக்கிற வாடைதான் எங்கள் படகுக்கும் அடிக்கிறது. கரை ஏறினால் அரசு வேறு, துறை வேறு, விண்ணப்பம் வேறு, தொகை வேறு, அது ஏறும் தேதியும் வேறு.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. எங்கள் புதுச்சேரி அரசின் கீழேயே மாஹே இருக்கிறது. அது மேற்குக் கரை. கிழக்குக் கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆகவே 'புதுச்சேரியில் மீன்பிடித் தடைக்காலம்' என்று ஒரே தேதியைப் போட்டால் அதுவும் அரைகுறைதான். முன்பு 45 நாளாக இருந்த தடை 61 நாளாகி எத்தனையோ வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் 45 நாள் என்று சொல்லும் பக்கங்கள் என் கண்ணில் படுகின்றன. மேலே தேதி மட்டும் நேற்றையது. தேதியைப் புதுப்பித்தால் கூகுள் புதுசு என்று நம்பிவிடும் என யாரோ உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அழுகிய மீனுக்கு மேலே புது ஐஸ் போடுகிற வேலை அது. வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்.

இதையெல்லாம் சொல்ல நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. நானும் உங்கள் கூட்டத்தில் இருந்தவன்தான். 2018 பிப்ரவரியில் கூகுள் தன் ஆட்சென்ஸ் விளம்பரத்தைத் தமிழுக்கும் திறந்தபோது, கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரங்களில் நானும் ஒரு தளம் ஆரம்பித்து எழுதிக் குவித்தேன். 2020 டிசம்பர் 27 அன்று திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி. திருநள்ளாறு எங்களுக்கு எட்டிவிடும் தூரம். ஊர் பெயரைச் சொன்னாலே கூட்டம் வரும் என்று பன்னிரண்டு ராசிக்கும் பலன் எழுதினேன். சோதிடத்தில் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. நான்கு இடத்தில் பார்த்து, சொல்லை மாற்றி, வரியைப் புரட்டிப் போட்டேன். தலைப்பிலும் முதல் பத்தியிலுமாகத் 'திருநள்ளாறு' என்ற சொல் ஏழெட்டு முறை வந்தது. மூன்று நாள் நல்ல கூட்டம். கணக்கைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன். பிறகு உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தால், வந்தவர்களில் பெரும்பாலோர் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. ஒரு மாதத்தில் தளம் காற்று வாங்கியது.

அதே நாட்களில் என் கடைக்கு வெளியூர்க்காரர்கள் வந்து கேட்டது என்ன தெரியுமா? இந்தக் கொரோனா நேரத்தில் நளதீர்த்தத்தில் குளிக்க விடுவார்களா, தரிசனத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டுமா, வயசான அம்மாவைக் கூட்டிவந்தால் வண்டி எவ்வளவு தூரம் வரை போகும். மூன்றுக்கும் பதில், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் கிடைத்திருக்கும். நான் போகவில்லை. கும்ப ராசிக்குப் பணவரவு எழுதிக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்ந்துவிட்டேன், நீங்கள் ஓயவில்லை. 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று இணையம் முழுக்க எழுதித் தள்ளினார்கள். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி அது சரி. ஆனால் திருநள்ளாறு கோயிலில் வாக்கியப் பஞ்சாங்கம்தான் நடைமுறை. அதன்படி பெயர்ச்சி 2026இல். இதைக் கோயில் நிர்வாகமே முன்வந்து அறிவிக்க வேண்டிவந்தது. அறிவிப்பு வருவதற்குள் ரயில் டிக்கெட் போட்டவர்கள், லீவு சொன்னவர்கள் எத்தனை பேரோ. எழுதியவர்களில் ஒருவராவது கோயில் அலுவலகத்துக்குப் போன் போட்டிருந்தால் போதும். அன்றைக்கு 'திருநள்ளாற்றில் இந்த வருஷம் சனிப்பெயர்ச்சி இல்லை, காரணம் இது' என்று முதலில் எழுதியவரைத்தான் எல்லாரும் தேடி வந்திருப்பார்கள். கூட்டத்தோடு ஓடியவர்களுக்குக் கிடைத்தது கூட்டத்தில் ஒரு மூலை.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. இலங்கைக் கடற்படை எங்கள் ஆட்களைப் பிடித்துப்போகும் நாட்களில் கடைக்கு வருகிறவர்களின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அவர்களுக்கு வேண்டியது நான்கே விஷயம்: எந்தப் படகு, எத்தனை பேர், எந்த ஊர் ஆட்கள், எங்கே கொண்டுபோயிருக்கிறார்கள். நீங்கள் வைக்கும் தலைப்பு: 'நடுக்கடலில் காரைக்கால் மீனவர்களுக்கு நடந்தது என்ன? அதிர்ச்சித் தகவல்!' திறந்தால் அதிர்ச்சியும் இல்லை, தகவலும் இல்லை. மீனவர் பிரச்சினையின் வரலாறு ஐந்து பத்தி. போட்டிருக்கும் படம் வேறு ஏதோ வருஷத்தது, வேறு யாரோ கைகட்டி நிற்கும் படம். அந்தப் படத்தைத் தன் புருஷன் இருக்கும் படகு என்று நினைத்து ஒரு பெண் என் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுத்தியதும் உங்கள் கணக்கில் ஒரு வருகைதான். அந்த எண்ணை நீங்கள் எந்த முகத்தோடு பார்ப்பீர்கள்?

"அண்ணே, நாங்களா விரும்பியா செய்றோம், கூகுள் அப்படித்தான் கேட்குது" என்பீர்கள். சரி, கூகுள் என்ன கேட்கிறது என்றே பார்ப்போம். பக்கத்தின் பின்னால் ஒளித்துவைக்கும் குறிச்சொல் பட்டியலை வரிசைப்படுத்துவதற்கு நாங்கள் பார்ப்பதே இல்லை என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னது 2009இல். இன்றைக்கும் அதை நிரப்பித்தர என்னிடமே காசு கேட்டு ஆள் வருகிறார். 2011இல் பாண்டா என்று பெயரிட்ட மாற்றம் வந்து, சத்தில்லாமல் எழுதிக் குவித்த தளங்களைக் கீழே தள்ளியது. 2022 ஆகஸ்டில், தேடுபொறிக்காக எழுதியதைத் தள்ளிவைத்து மனிதருக்காக எழுதியதை மேலே கொண்டுவருகிறோம் என்று தனியாகவே ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள். அதே வருஷம் டிசம்பரில், பக்கங்களை மதிப்பிடுகிறவர்களுக்கான வழிகாட்டியில் 'அனுபவம்' என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். அதாவது எழுதியவர் அந்த இடத்துக்குப் போனாரா, அந்தப் பொருளைக் கையில் தொட்டாரா என்பதையும் பார்க்கச் சொன்னார்கள். 2024 மார்ச்சில், மனிதர் எழுதினாலும் சரி, எந்திரம் எழுதினாலும் சரி, வரிசையில் ஏறுவதற்காகவே கட்டுக்கட்டாகக் கொட்டப்படும் பக்கங்களைக் குப்பை என்றே வகைப்படுத்தினார்கள். இத்தனை சொல் இருந்தால்தான் மேலே வரும் என்று எந்தக் கணக்கும் எங்களிடம் இல்லை என்பதும் அவர்களே எழுதிவைத்ததுதான். பின்னே யாருக்காக அந்தப் பதினோரு பத்தி?

கூகுள் தர்மப்பிரபு என்று நான் சொல்லவரவில்லை. விளம்பரத்தில்தான் அதுவும் வாழ்கிறது. நல்ல பக்கம் நாலாம் பக்கத்தில் புதைந்து கிடப்பதையும் குப்பை மேலே மிதப்பதையும் உங்களைவிட நான் அதிகம் பார்க்கிறேன், தினமும் எட்டு மணி நேரம். வாசகரை நினைத்து எழுதினால் நாளைக்கே முதலிடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இத்தனை வருஷ மாற்றங்களும் ஒரே திசையில்தான் போகின்றன. அந்தத் திசையில் நிற்பது அந்த அம்மாதான்.

கடலில் ஒரு விஷயம் உண்டு. பறவைகள் தாழ்வாக வட்டமடித்தால் அங்கே மீன் கூட்டம் இருக்கிறது என்று பெரியவர்கள் படகைத் திருப்புவார்கள். பறவையைப் பார்த்துப் போவார்களே தவிர, பறவைக்கு யாரும் வலை வீசமாட்டார்கள். நீங்கள் பல வருஷமாகப் பறவைக்கு வலை வீசிக்கொண்டிருக்கிறீர்கள்.

வலையில் என்ன கண்ணி போடுவது என்பதற்கு வருகிறேன், அதாவது சொல். நீங்கள் 'ஆழிப்பேரலை' என்று எழுதுகிறீர்கள். அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையில் அதன் பெயர் சுனாமி. கிழவிகூட அதைத்தான் சொல்கிறாள், அதைத்தான் நான் தட்டுகிறேன். வஞ்சிரம் என்று நாங்கள் சொல்வது ராமநாதபுரத்துப் பக்கம் சீலா, கன்னியாகுமரியில் நெய்மீன். எங்கள் மத்தி தெற்கே சாளை. மூன்று ஊர்க்காரரும் உங்கள் பக்கத்துக்கு வரவேண்டும் என்றால் மூன்று பெயரையும் ஓரிடத்தில் இயல்பாகச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பதில் ஒரே சொல்லை வரிக்கு வரி அடுக்குகிறீர்கள். ஆங்கிலத்திலிருந்து எந்திரம் வைத்துப் பெயர்த்த ஒரு பக்கத்தில் 'மீன்களின் பள்ளி கரைக்கு அருகில் வந்தது' என்று படித்தேன். ஆங்கிலத்தில் மீன் கூட்டத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே சொல்லாம். வாசித்துக் காட்டியபோது கடையே சிரித்தது. "அதான் வலையில மாட்ட மாட்டேங்குது, எல்லாம் படிச்ச மீனு" என்றார் ஒருவர்.

எங்கள் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கருக்களாச்சேரி என்றும் கருக்கலாச்சேரி என்றும் எழுதுகிறார்கள், ஆங்கில எழுத்தில் இன்னும் நாலு விதம். பையன்கள் பாதிப்பேர் தமிழைத்தான் கேட்கிறார்கள், ஆனால் ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். பெரியவர்கள் போனைப் பார்த்து வாயால் கேட்கிறார்கள். 'காரைக்கால்ல இன்னைக்குக் கடலுக்குப் போலாமா' என்று கேட்கிறவருக்கு, 'கடல்சார் வானிலை முன்னறிவிப்பு: ஒரு விரிவான பார்வை' என்ற தலைப்பு என்ன பதில் சொல்லும்? ஊர் பெயரைப் போட்டுத் தேடினால் வரும் பக்கங்களில் ஒன்று, கருக்களாச்சேரிக்குச் சுற்றுலா வர ஏற்ற மாதங்களைச் சொல்கிறது. பார்க்க வேண்டிய பத்து இடங்களும் உண்டு. எழுதியவர் வந்திருந்தால் வலை காயப்போடும் மணல், ஐஸ் பெட்டி, படகு மராமத்து, மத்தியானச் சீட்டாட்டம் எல்லாம் காட்டியிருப்பேன். பத்து தேறுமா என்று தெரியாது.

புயல் நேரத்தில் வரும் கேள்வி ஒன்று சொல்கிறேன். 'துறைமுகத்தில் 3ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். மூன்று என்றால் என்ன என்று கடைக்கு வந்து கேட்கிறார்கள். 1, 2 என்றால் தொலைவில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் நம் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பேரபாயம், 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. இவ்வளவுதான், நான்கு வரி. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது இதைத் தாளில் எழுதி என் கடைக் கதவில் ஒட்டினேன். நான் இணையத்தில் எழுதியது எதையும்விட அதிகம் பேர் படித்தது அந்தத் தாளைத்தான். இரண்டு பேர் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, அது நாகூர் வரை போய்த் திரும்ப எனக்கே வந்தது.

வாசகரை முன்னால் நிறுத்துவது என்று ஏதோ அமெரிக்காவில் கண்டுபிடித்ததுபோலப் பேசுகிறார்கள். கூகுள் கம்பெனியே பிறக்காத 1998 ஜனவரியில் எங்கள் புதுச்சேரிப் பகுதியிலேயே அது நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு உதவியோடு, வில்லியனூரை மையமாக வைத்து கிராமங்களில் அறிவு மையங்கள் தொடங்கியது. கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் இறக்குவதற்கு முன் ஊர் ஊராகப் போய் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். நெல் விளையும் ஊர் ஒன்று சொன்னது, கடற்கரை ஊர் வேறொன்று சொன்னது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு வேண்டியது அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்பது. அமெரிக்கக் கடற்படை தன் தளத்தில் போட்டுவந்த அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் காதில் அது விழுந்தது. எழுத்து தெரியாதவரும் வாசகர்தான் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

அப்படி ஒரு மையம் நல்லவாட்டிலும் இருந்தது. சுனாமி வந்த காலையில், சிங்கப்பூரில் வேலையிலிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஊர் ஆட்கள் ஓடிப்போய் மையத்தின் ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். அலை வந்தது, வீடுகள் போயின, ஊர் ஜனம் பிழைத்தது. ஆயிரம் பக்கம் எழுதியா அந்த ஒலிபெருக்கியை ஊர் நம்பியது? தினமும் தனக்கு வேண்டியதை அது சொல்லிவந்ததால், அன்று சொன்னபோது ஏன் எதற்கு என்று ஒருவரும் நின்று கேட்கவில்லை. எங்கள் காரைக்கால் கரையில் அந்தக் காலை வேறு மாதிரி விடிந்தது. அதை இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை.

இன்றைக்கு நிலைமை அன்றைவிட எவ்வளவோ மேல். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கடல் நிலையையும், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடத்தையும் தமிழிலேயே தருகிறது. காரைக்காலிலேயே வானிலைத் துறையின் ரேடார் இருக்கிறது. அரசு அலுவலகங்களில் ஆணைகள் இருக்கின்றன. எல்லாம் இருக்கிறது, எங்கள் ஆட்கள் கேட்கிற விதத்தில் இல்லை. அந்த இடைவெளியில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது என்கிறேன். இன்காய்ஸ் சொல்லும் இடம் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்வது, மேகம் மூடிய நாளில் அது வராது. இந்த ஒரு விஷயத்தை ஒருவர் விளக்கி எழுதியிருந்தால், 'ஒரு வாரமா ஏன் தம்பி வரல, உன் நெட்டு கெட்டுப்போச்சா' என்று என்னை யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். எழுத உட்காரும்போது எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற பட்டியலை மூடிவையுங்கள். உங்கள் ஊரில் ஒரு நெட் சென்டரிலோ, தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் பக்கத்திலோ அரை நாள் உட்காருங்கள். மனிதர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று காதால் கேளுங்கள். அதையே தலைப்பாக வையுங்கள். பதிலை முதல் பத்தியில் சொல்லிவிடுங்கள். வரலாறு வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள், பொழுது இருக்கிறவர் படிப்பார். எந்த ஊருக்கு, எந்த அரசுக்கு, எந்த வருஷத்துக்கு அது பொருந்தும் என்று தெளிவாகப் போடுங்கள். எந்தத் துறையின் எந்தத் தேதி அறிவிப்பைப் பார்த்து எழுதினீர்கள் என்றும் சொல்லுங்கள். தொகை மாறினால் பழைய பக்கத்தைத் திறந்து உள்ளே மாற்றுங்கள். மாற்ற நேரமில்லை என்றால் தூக்கிவிடுங்கள், அதனால் உங்கள் வீட்டில் உலை கொதிக்காமல் போகாது. பக்கத்தைக் கனமில்லாமல் வையுங்கள். கரையிலேயே ஒரு கோடு இரண்டு கோடு சிக்னல்தான், கொஞ்சம் உள்ளே போனால் அதுவும் கிடையாது. நீங்கள் போடும் பெரிய படம் இறங்குவதற்குள் படகு இறங்கிவிடும்.

தெரியாததை எழுதாமல் விடுவது மானக்கேடு இல்லை. காரைக்காலுக்கு உண்டா என்று தெரியவில்லையா, காரைக்கால்காரர்கள் இங்குள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி போடுங்கள். அந்த ஒரு வரிக்காகவே உங்களை நினைவில் வைத்துக்கொள்வோம். அடுத்த முறை உங்கள் பெயரைப் போட்டே தேடுவோம். எந்த மாற்றம் வந்தாலும் கூகுளால் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாத வருகை அது.

போன வாரம் என் கடையில் கேட்கப்பட்டு, நான் பதில் தேடித் தோற்ற மூன்று கேள்விகளை இங்கே வைக்கிறேன். நாகப்பட்டினத்துப் பெண் கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்திருக்கிறாள். அங்கே ரேஷன் கார்டில் பெயர் நீக்கி இங்கே சேர்க்க, எந்த அரசின் எந்த அலுவலகத்துக்கு முதலில் போக வேண்டும்? ஃபைபர் போட்டை அண்ணன் தம்பிக்குள் கைமாற்றினால் பதிவை மாற்றுவதற்கு என்னென்ன தாள் வேண்டும், அதைக் கம்ப்யூட்டரிலேயே முடிக்க முடியுமா? மூன்றாவது கேள்வியைக் கேட்ட அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார். கடலுக்குப் போய்த் திரும்பி வராதவருக்கு, உடல் கிடைக்காவிட்டால், இறப்புச் சான்று யார் தருவார், எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும்? இதற்கு வந்த பக்கங்களில் முதல் மூன்றில் இன்சூரன்ஸ் விளம்பரம் இருந்தது, பதில் இல்லை.

ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்குப் போய்க் கேட்டு, சரிபார்த்து எழுதுங்கள். எழுதியதும் எனக்குத் தெரியப்படுத்தக்கூட வேண்டாம். அதே கேள்வியை நான் திரும்பத் தட்டுவேன், அப்போது கண்ணில் படும்.

நேரில் வர நினைத்தால் கடை ஒன்பதரைக்குத் திறக்கும். தடைக்காலத்தில் வாருங்கள். வேலையில்லாமல் ஆட்கள் கடை வாசலில்தான் இருப்பார்கள், பேச்சுக்குக் குறைவிருக்காது. அந்த மஞ்சள் பை அம்மாவும் வருவார். பணம் ஏறிவிட்டதா என்று பார்க்க.

கருக்களாச்சேரியிலிருந்து,
உங்கள் வாசகன்